ஒழிவு

கொழிஞ்சாம்பாறை சமூகக்கூடத்தில்
போன வாரம் ரத்ததான முகாம் நடந்த மேசைகளில்
இன்று என் வீடு இருக்கிறது,
பதினோரு தடவை.

முதல் வீடு தெர்மோகோல்.
லீஷ்மா ஒரே இரவில் வெட்டியது, ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி.
இரண்டாவதில் படிக்கட்டு தெற்கே.
மூன்றாவதில் படிக்கட்டே இல்லை.
மறந்துட்டேன் டாக்டரே என்று அன்றைக்குச் சிரித்தாள்.

குனிந்து குனிந்து பார்க்கிறார்கள்.
ஒவ்வொரு ஜன்னலிலும் ஓர் ஆளின் ஒற்றைக் கண்.
மீனாட்சிபுரம் செக்போஸ்டில்
லாரி மாடுகளின் காதைத் திருப்பி எண் பார்க்கிறவளை
இங்கே யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.
என் கையெழுத்து மட்டும் கண்ணாடிக்குள்:
‘சமையல் மேடை இரண்டு அங்குலம் ஏற்றணும். நான் நெட்டை.’

நான்காவது வீட்டின் கிழக்கு மூலையில்
பென்சிலால், மலையாளத்தில், குஞ்ஞு.
பத்துக்குப் பத்து.
ஜன்னல் தரையிலிருந்து ஒன்றரை அடி,
தவழ்கிறவர் வெளியே பார்க்க.
நான் கேட்கவில்லை. அவளாக வைத்தது.

ஆறாவதில் அது மூன்றாம் அறை.
ஏழில் படிப்பறை.
தெய்வசிகாமணி கரண்ட் பில்லைக்கூட முழுசாகப் படிக்கமாட்டார்.

நடுவே ஒரு சீட்டு:
‘மார்ச் 9. போனில் சொன்னது. அந்த அறை இப்போதைக்கு வேண்டாம்.’

இப்போதைக்கு என்றா சொன்னேன்?
கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பேசியது.
டிராலிச் சத்தத்தில்
அவளுக்குக் கேட்டது அவ்வளவுதான் போல.

ஒன்பதாவதில் உள்சுவர் போயிற்று.
கூரையும்.
டேபிள் பேன் வைத்து ஊதுபத்தி கொளுத்தி
ஒரு கல்லூரிப் பையன் காட்டுகிறான்:
கணவாய்க் காற்று கிழக்கே நுழைகிறது,
அந்த மூலையில் ஒரு சுற்று நிற்கிறது,
அப்புறம் வீடு முழுக்கப் போகிறது.
‘இந்த டிசைனோட பெஸ்ட் முடிவே இதுதான்.’
கூட்டம் தலையாட்டுகிறது. நானும்.

கீழே தமிழில் வெற்றிடம் என்று ஒட்டியிருக்கிறார்கள்.
மலையாளத்தில் ஒழிவு.
அந்த மொழியில் அது விடுமுறை, காலி நாற்காலி,
வேலை வராத மத்தியானம்.
என் மொழியில் தீர்ந்துபோனது.
இரண்டும் வாசிக்கத் தெரிந்து தொலைத்திருக்கிறது.

பதினோராவது வீட்டில் குடியிருக்கிறேன்.
அந்த மூலையில் துணி அரைமணியில் காய்ந்துவிடும்.
தை மாதம் கிளிப் போடாவிட்டால்
பக்கத்துத் தோட்டத்துப் பனையில் போய் எடுக்கவேண்டும்.

தாழ்ந்த ஜன்னலை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.
இது ஏன் இவ்வளவு கீழே
என்று சிவப்புப் பை வைத்திருந்த பெண் கேட்டார்.
பையன் காகிதத்தைப் புரட்டினான், இன்னொன்றையும் புரட்டினான்.

பூனைக்கு, என்றேன்.