நிகரிலி

அடுப்பில் கருப்பு வெல்லப்பாகு கொதிக்கிறது.
அதில் ஒரு குவளை பழைய பீர்,
மைத்துனர் கிறிஸ்துமஸுக்கு விட்டுப்போன ரம்.
"இதைப் போய்ப் பூச்சிக்கா?" என்கிறான் டெனிஸ்.
ரொவீனா ஸ்குவிப் கரண்டியை நக்கிப் பார்த்து
இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

டார்செட்டில் செப்டம்பர். காட்டோரம் ஐந்து ஆஸ்பென் மரங்கள்.
காற்று நின்ற பிறகும் இலைகளுக்குள் மட்டும்
வாக்குவாதம் ஓயவில்லை.
தபால் பெட்டிக்குச் சிவப்படிப்பவள் போலப்
பிரஷ்ஷை முக்கி முக்கி அடிமரத்தில் பூசுகிறாள்.

முதல் இரவு நத்தைகள் வந்தன.
அடுத்த இரவு பெருங்குளவிகள்;
குடித்துவிட்டு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டன.
பிறகு மூன்று நாள் மழை.
ஆறாம் இரவு டெனிஸே வந்தான்,
ஃபிளாஸ்கோடும் முழங்கால் வலியோடும்.

அவர்கள் காத்திருப்பது
பட்டை வெடிப்பில் முட்டையாகப் பனிக்காலம் கழித்தது.
மே மாதத் தளிர் தின்று புழுவானதும்
கிளையின் நிறத்தையே உடுத்திக்கொண்டது;
தன் நிழல் காட்டிக்கொடுக்காதபடி
ஓரமெங்கும் மெல்லிய மயிர் வளர்த்தது.
இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து நடுவே தூங்கியபோது
கூட்டின் மேல் திராட்சைத் தோலில் இருப்பதுபோல்
நீலச் சாம்பல் பூத்திருந்தது.
அந்த ஒன்றுதான் அது தந்த துப்பு.

ஆஸ்பெனை வெட்டி ஊசியிலை நட்ட காலத்தில்
இந்த இனம் தீவை விட்டே போயிருந்தது.
பின்னொரு நாள், யாரும் கூப்பிடாமல்,
கடல் கடந்து திரும்பியது.
முன்பு அதைக் கண்டவர்கள் வேறு சொல் அகப்படாமல்
நிகரில்லாதது என்று எழுதி வைத்திருந்தார்கள்.

ஐந்தாவது மரம். சிவப்பு டார்ச்.
பட்டை ஒரு மூச்சு விட்டது.
சாம்பல் சிறகு சற்றே விலக,
உள்ளே கரியின் மேல் அகலமாக ஒரு நீலம்:
விடியற்காலை ஐந்து மணிக்குத்
தபால் வண்டியின் கண்ணாடியில்
அவள் மட்டும் பார்க்கும் அதே நீலம்.
நீண்ட நாக்கு ரம்மைத் தொட்டது.

பிறகு நமக்குக் கேட்காத ஒன்று அதற்குக் கேட்டது.
நீலத்தை மூடி, கல்லாக,
முட்புதருக்குள் விழுந்தது.
டெனிஸின் தொப்பியை உரசாமல் உரசி
வௌவால் வெறும் வாயோடு போயிற்று.

"என்ன? எங்கே?" என்றான்.
ஃபிளாஸ்கின் மூடியைத் திறந்துகொண்டிருந்தானாம்.

நோட்டில் எழுதுகிறாள்: ஒன்று.
சாட்சி என்ற இடத்தில் பேனாவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள்.

டெனிஸ் அடிமரத்தில் விரலை இழுத்து
வாயில் வைத்துப் பார்க்கிறான்.

"நல்ல ரம்" என்கிறான்,
"பாவம், பாதியில் எழுந்து போய்விட்டது."