மணிக்கு நூற்றைம்பது

என் பேரிலேயே கோடி இருக்கிறது.
தனகோட்டி.
கைக்கு வருவது
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
அப்பர் தைக்கிற பதினோராயிரத்து இருநூறு.
அதில் பி.எஃப். போக, வேன் போக,
சனிக்கிழமை குழுக்காரி வந்து போக
மிச்சம் நிற்பது பேர்தான்.

அதனால் ஆறரைக்கு
வேன் காந்தி ரோட்டு முனையில் இறக்கிவிட்டதும்
இன்னொரு வேலைக்குப் போகிறேன்.
பெங்காலி பேசுகிறேன்.

யாரும் சொல்லித்தரவில்லை.
இரண்டு வருஷம் லாட்ஜில் பெட்ஷீட் துவைத்தபோது
காதில் விழுந்ததையெல்லாம்
நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதி வைத்தேன்.
ஜோல் என்றால் தண்ணீர்.
டாக்கா என்றால் ஊர் இல்லை, பணம்.
பேத்தா என்றால் வலி. எங்கே என்று கேட்கக் கொத்தாய்.
பொய் என்றால் பயம்.
பொய் நேய் என்றால் பயப்பட ஒன்றுமில்லை.
எழுதும்போதே சிரிப்பு வந்தது.

மணிக்கு நூற்றைம்பது,
அதில் லாட்ஜ் மேனேஜர் நவ்ஷாத்துக்கு முப்பது.
மருந்துக்கடை வரிசை, ஸ்கேன் சீட்டு,
கடுகெண்ணெய் எந்தக் கடையில்,
எல்லாம் ஒரே ரேட்.
எழுபது ரூபாய் தூரத்துக்கு ஆட்டோக்காரன் இருநூறு கேட்டால்
சண்டை மட்டும் இலவசம்:
"இன்னாய்யா, ஊருக்குப் புதுசுன்னா உரிச்சிடுவியா?"

பதினேழாம் நம்பர் ரூமில்
மால்டாவிலிருந்து வந்த நிமாய் ஹால்தார்,
அவர் சம்சாரம் மாலொதி.
ஒன்பது நாள் அவர்களுக்கு வாய் நான்.
ஒரு ராத்திரி மாலொதி தட்டில் வைத்த மீனை
நின்றபடியே தின்றேன்.
அந்தப் பத்து நிமிஷத்தைக் கணக்கில் எழுதி,
பிறகு அடித்தேன்.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை,
டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு
இருபது நிமிஷம் பேசினார்.
தமிழில், மெதுவாக,
எனக்குப் புரியவேண்டும் என்று.
மாலொதி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோட்டில் இருந்தது
ரத்தம், வெறும் வயிறு, மூத்திரம், பாக்கி, லிஃப்ட்.
நான் சொன்னேன்:
பொய் நேய்.

அவ்வளவு நேரம் பேசியதற்கு
இவ்வளவுதானா என்பதுபோல் பார்த்தாள்.
டாக்டரம்மாவும் பார்த்தார்.

தைக்கும்போது ஊசி முறிந்தால்
மிஷினை நிறுத்து, துண்டைத் தேடு,
கிடைக்கும்வரை எழுந்திருக்காதே,
விட்டால் எவர் காலிலோ போய் ஏறும்.
எங்கள் சூப்பர்வைசர் தினமும் கத்துவது.

வராந்தாவில் தேடினேன்.
மருந்து என்றேன். கையை விரித்தேன்.
ஊர் என்றேன். வீடு என்றேன்.
தண்ணீர் கேன் தள்ளிக்கொண்டு ஒருத்தன் எங்களுக்கு நடுவே போனான்.
கடைசியில் அவளே எடுத்துக் கொடுத்தாள்:
"ஆர் நா?"
தலையாட்டினேன்.
அதற்கு நோட்டு தேவைப்படவில்லை.

அரை மணிக்கு எழுபத்தைந்து.
சில்லறை இல்லாமல் நூறாகக் கொடுத்தாள்.
வேண்டாம் என்பதற்கு பெங்காலியில்
எனக்கு நன்றாகவே வரும்.
சொல்லவில்லை.
விடிந்தால் சனி.

காலை வேன் மேல்விஷாரம் தாண்டும்போது
நோட்டைத் திறந்தேன்.
பொய்க்குக் கீழே,
நவ்ஷாத்துக்குத் தரவேண்டிய பதினைந்துக்கு மேலே
ராத்திரி எழுதியது:
ஆர் நா, இனிமேல் இல்லை.
அர்த்தத்தை விரலால் மறைத்துக்கொண்டு
வெறும் தமிழாக ஒருமுறை வாசித்தேன்.
யார் நாக்கு என்று கேட்டது.