திருகாணிக் கணக்கு

திருகாணியில் நிற்பது வீட்டுக்கு,
கொக்கியில் தொங்குவது உங்களுக்கு என்றார்
புரோக்கர் கன்னியப்பன்,
வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு.
சட்டம் சுலபமாகத்தான் இருந்தது
ஃபேனை அண்ணாந்து பார்க்கும்வரை.
கொக்கியில் தொங்குகிறது அது,
திருகாணியிலும் நிற்கிறது.

எட்வின் மடக்கு ஏணியில் ஏறினார்.
துறைமுகத்தில் கன்டெய்னர்களை
முட்டை போல் இறக்கி வைக்கிற ஆள்,
திரைச்சீலைக் கம்பியின் நாலு திருகாணிகளோடு
அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்.
தேங்காய் எண்ணெய் விட்டோம்,
மண்ணெண்ணெய் விட்டோம்,
அந்தோணியாரையும் கூப்பிட்டோம்.
தண்டையார்பேட்டையில் இருபத்திரண்டு வருஷம்.
தலை தேய்ந்து, துருவேறி
சுவரோடு சுவராகிவிட்டது.
எதை விட்டுப்போவதென்று
நாங்கள் உட்கார்ந்து பேசும் முன்பே
உப்புக்காற்று பாதியை முடிவு செய்திருந்தது.

மீதியை நான் எழுதினேன்,
கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்.
கீசர், எடுக்கிறோம். தவணை இன்னும் மூன்று பாக்கி.
வாஷ்பேசின், விடுகிறோம்.
அதன் மேலிருக்கும் கண்ணாடி, கேள்விக்குறி.
கம்பிக் கேட், விடுகிறோம்.
கேட்டின் பூட்டை எடுக்கச் சொன்னார் எட்வின்.
ஜோடிச் செருப்பில் ஒன்றைத் தானம் கொடுப்பாயா என்றேன்.
ராத்திரி சாப்பாடு வரை பேச்சில்லை.

அடுத்து
மோட்டார் என்று எழுதி
பேனாவை மூடி வைத்தேன்.
தணிகாசலம் முன்பணம் எண்ணும்போதே கேட்டது அதைத்தான்:
"போர் மோட்டார் சேர்த்துத்தானே?"
சேர்த்துத்தான்.
அது மேலே ஏற்றுகிற தண்ணீரில்
மூன்று வருஷமாக பெட்ரோல் பங்க் வாசனை.
பாத்திரத்துக்கும் ஆகாது, கக்கூஸுக்கு மட்டும்.
வாசனை திருகாணியா, கொக்கியா?
கேட்டால் சொல்லுங்க என்றார் புரோக்கர்.
கேட்க மாட்டாங்க என்றார் எட்வின்,
ஷெரினின் நர்சிங் கடன் நோட்டீஸை மடித்தபடி.
ஞாயிறு பூசை முழுக்க
என் மூக்கில் அந்தத் தண்ணீர்தான்.

அளவெடுக்க வந்தார்கள்.
டேப்பின் ஒரு முனையை எட்வின் பிடிக்க
மறுமுனையோடு தணிகாசலம் நடக்க
அவர் மனைவி கோமளவல்லி
யாரிடமும் கேட்காமல் பின்கட்டுக் குழாய்க்குப் போனாள்.
நான் பின்னாலேயே ஓடினேன்.
"அக்கா, அந்தத் தண்ணி..."
அதற்குள் திறந்து, உள்ளங்கையில் பிடித்து,
மூக்கருகே கொண்டுபோய்,
கையை உதறினாள்.
"எங்களுது இதைவிட மோசம்.
பக்கத்துல தீக்குச்சி கிழிக்கவே பயம்.
நாங்க ரெண்டு தெரு தள்ளித்தானே."
அவ்வளவுதான்.
பதினைந்து நாளாய் நான் சுமந்தது
அவள் விரல் நுனியிலிருந்து சொட்டி
சலதாரையில் போனது.
நிம்மதியா, ஏமாற்றமா
இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஃபேனைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.
கண்ணாடியில் முகம்கூடப் பார்க்கவில்லை.
சமையலறைக் கதவோரம் நின்றாள்.
சுவரில் பென்சிலில் நான் கிறுக்கிய எண்.
கீழே: தண்ணி லாரி ஏகாம்பரம், ராத்திரி பத்துக்கு மேல்.
"வர்றாரா?"
"முதல் தடவை எடுக்க மாட்டாரு.
மூணாவது தடவை எடுப்பாரு. வந்துடுவாரு."
எழுதிக்கொள்ளப் பேனா தேடினேன்.
வேண்டாம் என்றாள்.
"வெள்ளையடிச்சுத் தர்றதா சொன்னீங்களே,
இந்த இடத்த மட்டும் விட்டுடுங்க."

வியாழக்கிழமை வெள்ளையடித்தோம்.
ஒரு முழ அகலத்துக்குப் பழைய பச்சை.
என் பேர் கெடும்மா என்று
பெயின்டர் கூலி வாங்கும்போதும் முனகினார்.

ஃபேனைக் கழற்றிக்கொண்டுதான் வந்தோம்.
மீஞ்சூர் வாடகை வீட்டுக் கூரையில்
கொக்கி இல்லை.
இறக்கைகளைப் போர்வையில் சுற்றி
கட்டிலடியில் தள்ளியிருக்கிறது.
புழுக்கத்தில் தூக்கம் கலையும்போது
ஏகாம்பரத்தின் எண் பத்து இலக்கமும்
வரிசையாய் வாயில் வருகிறது.
இந்தப் பக்கம்
அவர் லாரி வராது.