எட்டு

வள்ளியூர் ஆர்.டி.ஓ. மைதானத்தில்
ஒன்பதரைக்கே வரிசை.
எனக்கு முன்னால் பணகுடிப் பையன் ஒருவன்,
பின்னால் ஐந்து மாதக் கர்ப்பிணி.
ஆனிக் காற்று கணவாய் வழியே இறங்கி
காற்றாலைகளை ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டிருந்தது.
உடைமரத்தில் சிக்கிய ஜவுளிக்கடைப் பை
கிழக்கே விறைத்து நின்றது.
கண் தானாகக் கணக்குப் போட்டது:
மேற்கிலிருந்து, இருபத்திரண்டு நாட், குறுக்கே.

"எந்த டிபார்ட்மெண்டுல இருக்கிய?"
"ஏர்ஃபோர்ஸ் சார்."
"ஆபீஸ்லயா?"
"இல்ல, ஓட்டுதேன்."
இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்,
அத்தான் மகளிடம் இரவல் வாங்கிய ஸ்கூட்டியைப் பார்த்தார்.
"சரி, எட்டு போடுங்க."

பதினான்கு வருஷம்.
முதல் தளத்தில் பெண்கள் கழிப்பறை
ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.
ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல்
பறக்கப் படித்தேன்.
அதற்கெல்லாம் பயிற்சிப் புத்தகம் கிடையாது.

பிறகு அந்த இரவு.
ஜோடியாகப் போனோம்.
ஹர்கீரத்தின் இறக்கையில் தீ.
அவன் குதித்த மலைச்சரிவுக்கு மேலே
எரிபொருள் முள் சிவப்பைத் தொடும்வரை
எட்டு எட்டாகச் சுற்றினேன்.
கீழே வெளிச்சம் ஊர்ந்தபோதெல்லாம் சுட்டேன்.
ஹெலிகாப்டர் வந்து அவனைத் தூக்கியது.
மூச்சு பாதி வழியில் நின்றதாகச் சொன்னார்கள்.

மார்பில் பதக்கம் குத்தினார்கள்.
பாராட்டுரை இந்தியில் ஒருமுறை,
ஆங்கிலத்தில் ஒருமுறை.
சுட்ட வெளிச்சங்களில் ஒன்று
ஆடு தேடி வந்தவனின் லாந்தராக இருந்திருக்கலாம்
என்பது இரண்டிலும் இல்லை.

இரண்டாவது வளைவில்
வலது கால் புழுதியைத் தொட்டது.

"காலு ஊனிட்டியளே பியூலாம்மா.
அடுத்த வாரம் வாங்க."

கர்ப்பிணி சாவியைக் கையில் உருட்டியபடி கேட்டாள்:
"காத்து எங்கிட்டிருந்துக்கா அடிக்கி?"
"மேக்கேருந்து. ரெண்டாவது வளைவுல
லேசா காத்துப் பக்கம் சாஞ்சுக்கோ.
எதுக்காத."

போனாள்.
ஒரு சுற்று. மறுசுற்று.
துப்பட்டா மட்டும் படபடத்தது.
பணகுடிப் பையன் விசிலடித்தான்.

நான் எதிர்க்கடையில்
ஒரு லிட்டர் பாட்டில் வாங்கி
நின்றபடியே மடக்மடக்கென்று குடித்து முடித்தேன்,
கழிப்பறை எங்கே என்று
முதலில் பார்த்து வைக்காமல்.