சோடிச் சொற்கள்

இங்கே இரவு ஒன்பதரை, லீட்ஸில் பின்னேரம் நாலு.
கொக்குவில் மேல்வீட்டு அறை.
காதுக்கு இரண்டு கறுத்த கிண்ணம், வாய்க்கு ஒரு கம்பி.
மொழிபெயர்ப்பாளர் இலக்கம் நாலாயிரத்துப் பதினேழு.
பெயர் சொல்லக்கூடாது. ஊர் சொல்லக்கூடாது.
நோயாளி ‘நான்’ எண்டால்
நானும் ‘நான்’ எண்டுதான் சொல்ல வேணும்.

சுவரில் பயிற்சித் தாள்:
எந்த நோவுக்கு எந்தச் சொல் சோடி எண்டு
சாதகப் பொருத்தம் பார்த்து எழுதினது.
பிளக்கிறது தலையிடிக்கு மட்டும்,
பல்லுக்கு அதைக் கட்டி வைக்க ஏலாது.
இங்கே ஒழுகிற மூக்கு அங்கே ஓடும்.
இங்கே விறைக்கிற கால் அங்கே நித்திரை கொள்ளும்,
எழும்பினால் ஊசியும் குண்டூசியும்.
தொண்டைக்குள் தவளை,
வயித்துக்குள் வண்ணத்துப்பூச்சி.
முதல் கிழமை முழுக்க எனக்குச் சிரிப்பு.
பிறகு ஒரு நாள் ஆரோ ஒருத்தர்
நெஞ்சில் அம்மி வைச்ச மாதிரி எண்டார்.
‘இறுக்கமான நெஞ்சு’ எண்டு மாத்தினேன்.
அம்மி லைனிலேயே நிண்டுபோச்சு.

இண்டைக்கு அருமைத்துரை, ஐம்பத்தெட்டு வயது,
பெற்றோல் செட்டில் இரவு வேலை.
டொக்டர் கேட்கிறா: எப்படியான வலி?
கூரானதா, மழுங்கினதா, பாயிறதா, துடிக்கிறதா?
நாலு கத்தியை மேசையில் பரப்பின மாதிரி.
அவர் கனநேரம் கதைக்கேல்லை.
பிறகு,
“நாரியிலயிருந்து கால் மட்டும்
உளையுது பிள்ளை.”

உளையுது.
வெட்டாது, குத்தாது, எரியாது.
மாரி வயலில் முழங்கால் மட்டும் இறங்கி
இழுக்க இழுக்க வராத கால்.
உளை எண்டால் சேறும்தானே.
எனக்குத் தந்தது மூண்டு செக்கன்.
‘டல் ஏக்’ எண்டேன்.
அவ தட்டிற சத்தம் கேட்டுது,
ஏழெட்டு எழுத்து, அவ்வளவுதான்.

“பிள்ளை எந்த இடம்?”
கேட்டதெல்லாம் மாத்த வேணும், அதுவும் விதி.
மாத்தினேன்.
டொக்டர் சிரிச்சா. பிறந்தது ஹல், இப்ப லீட்ஸ்.
“லீட்ஸ்” எண்டு அவருக்குச் சொன்னேன்.
அந்த நேரம் பார்த்து ரயில் கடவை மணி.
மைக்கை அமத்த மறந்துபோனேன்.
அவர் மணி ஓயுமட்டும் பொறுத்திருந்து
“ஓம்... லீட்ஸ்” எண்டார்.

விடியப்புறம் இரண்டு மணிக்குள்
என்ர தலை மூண்டு தரம் பிளந்துபோச்சு,
இரண்டு தரம் பிள்ளைத்தாச்சி,
ஒருக்கா சிறுநீரகத்தில் கல்லு.
அடுத்த முறைக்கு வந்த நிறஞ்சனி
“என்னடி செய்யுது? முகம் ஒரு மாதிரி” எண்டாள்.
பிடரிக்குக் கீழே என்னவோ செய்தது.
‘எனக்கு’ எண்டு வாயெடுத்தேன்.
எந்த எனக்கு?
“ஒண்டும் செய்யேல்லை.”

அவள் கதிரையை இழுத்து இருந்து
கிண்ணங்களை மாட்டினாள்.
“சுடுது” எண்டாள்.