கடைசி இரண்டு சீட்டு

காட்பாடி மேம்பாலம் இறங்கியதும் முதல் கல்லூரி.
கீழே டைல்ஸ் கடை, மாடியில் பி.எட்.
ஃபேன் ஓடியது. வகுப்பு எதுவும் ஓடவில்லை.
"இன்னாத்துக்கும்மா டெய்லி வரணும்?"
என்றார் ஆபீஸ் எத்திராஜ்.
"பரீட்சைக்கு வந்தா போதும்.
அட்டெண்டன்ஸ் எங்க பொறுப்பு.
ரெக்கார்டு நோட்டு எழுத ஆள் கீது."
பள்ளிக்கூடத்தில் நான் பாடம் எடுத்ததற்கு
ஹெட்மாஸ்டர் முத்திரை வரைக்கும் தயார்.
கட்டணத்துக்கு மேல் இருபத்தைந்தாயிரம் வைத்தால்
மேல்பட்டியில் இருந்தபடியே
இரண்டு வருடம் இங்கே உட்கார்ந்திருப்பேன்.
"கடைசி ரெண்டு சீட்டு" என்றார்.

அரசு உதவிபெறும் கல்லூரிப் பட்டியலில்
எனக்கு நாலு பெயர் மேலேயே கோடு போட்டுவிட்டார்கள்.
அந்த நாலு பேரும் யாரென்று தெரியாது.
ஒரு வாரம் திட்டினேன்.

மூன்றாவது, ஆற்றுக்கு அந்தப் பக்கம்,
சத்துவாச்சாரி தாண்டி.
பாலத்தில் பஸ் ஆறு நிமிஷம் நின்றது,
கீழே மணலில் ஒருவர் ஸ்கூட்டர் பழகிக்கொண்டிருந்தார்.
ஒன்பதே காலுக்குக் கட்டைவிரல் வைக்கணும்.
திங்களும் வியாழனும் அரக்கு பார்டர் சேலை.
கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருந்தது,
அதைத்தான் முதலில் பார்த்தேன்.
நூலகத்தில் புத்தகங்கள் அட்டை கிழிந்திருந்தன.
யாரோ எடுக்கிறார்கள்.

படிக்கட்டில் ஒருத்தி சார்ட் ஒட்டிக்கொண்டிருந்தாள்.
மரியபுஷ்பம், இரண்டாம் வருடம், கணக்கு.
வேலை கிடைக்குமா என்று கேட்கத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
அவள் எட்டாம் வகுப்பு பி பிரிவைப் பற்றிச் சொன்னாள்.
"மொத நாளு பின்னக் கழித்தல்.
போர்டுல என் எழுத்து மலை ஏறிப் போவுது.
ஒரு பையன் கழுத்தச் சாய்ச்சுப் படிச்சான்,
அப்பறம் க்ளாஸே சாஞ்சிடுச்சு.
பின்னாடி மேடம் எழுதிக்கினே இருக்காங்க.
பாத்ரூம்ல போயி அழுதேன்."
இப்போ?
"இப்ப நேரா வருது" என்றாள்,
சார்ட்டின் ஓரத்தை அழுத்திப் பிடித்தபடி.
கேட்க வந்ததை மறந்துவிட்டேன்.

பதினோராயிரத்து நானூறு, இருபத்துநாலு மாதம்:
இரண்டு லட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூறு.
கட்டணம் தனி, ரயில் பாஸ் தனி.
"ரெண்டு எடத்துலயும் ஒரே சர்டிபிகேட் தானே?"
என்கிறார் வீட்டுக்காரர் கன்னியப்பன்.
ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், தூரத்தைக் காசாக்கத் தெரியும்.
அவர் சொல்வதில் தப்பில்லை.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில்
கடைசி மேஜை என்னுடையது.
ஒரு தையல் தாண்டியிருந்தாலும் திருப்பி அனுப்புவேன்.
மாதக் கடைசியில் கண்டெய்னர் வாசலில் உறுமும்.
பார்க்காம குத்து, என்பார் சூப்பர்வைசர்.
நாலு தடவை குத்தியிருக்கிறேன்.
அளவு எட்டு, அளவு ஒன்பது. பெயர் கிடையாது.
எந்த ஊர்க் கால் என்றும் தெரியாது.

எத்திராஜ் தினமும் கூப்பிடுகிறார்.
பதினோரு நாளாகக் கடைசி இரண்டு சீட்டு.
நேற்று ஒன்று போய்விட்டதாம்,
மீதி இரண்டு இருக்கிறதாம்.
கழித்தலை இவருக்கும் யாராவது எடுக்க வேண்டும்.

இன்று சத்துவாச்சாரியில் பணம் கட்டினேன்.
மெஷினில் மூன்று தடவை கட்டைவிரல் வைத்தும்
சிவப்பு விளக்குதான்.
ஆறு வருடப் பசை, ரேகையைத் தின்றிருக்கிறது.
க்ளார்க் என் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"வேலய வுட்டாச்சா? அப்ப
ஒரு மாசத்துல வந்துடும்.
அதுவரிக்கும் கையெழுத்துப் போடுங்க,
டெய்லி."