மைனஸ் நூற்றுப் பதினொன்று

வலையிறவுப் பாலம் தாண்டியதும்
கோடு சரியத் தொடங்கும் என்றது கணக்கு.
சரியவில்லை.
பட்டணத்துக் கோபுரத்தின் பேச்சை
வாவி வாங்கி
படுவான்கரைப் பக்கம் எறிந்துகொண்டிருந்தது.

சூத்திரம் டோக்கியோத் தெருக்களில் அளந்தது.
நகரம், புறநகர், திறந்த வெளி
மூன்றும் அதற்குத் தெரியும்.
மார்கழியில் தண்ணீர்
மாசியில் கதிர்
பங்குனியில் எரித்த அரிதாள் என்று
ஒரே காணி அலையை ஒவ்வொரு மாதிரித் திருப்புவதை
எந்த மாறிலிக்குள் போடுவது?

புவிதரன் நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினார்.
வேன் கூரையில் நான்கு போன்கள்,
வினாடிக்கொரு தரம்
இருக்கிறாயா, இருக்கிறாயா என்று கேட்டபடி.

வரைபடத்தில் ஊதா, அதாவது குடியிருப்பு.
இறங்கிப் பார்த்தேன்.
கூரையில்லாத ஒன்பது சுவர்கள்,
உள்ளே நாயுண்ணிப் பற்றை.
குடியிருப்புக்குப் பதினைந்து டெசிபெல் கழிப்பது வழக்கம்.
கழித்ததைத் திரும்பக் கூட்டினேன்.
அன்று முழுவதும் சரியாக வந்த கணக்கு
அது ஒன்றுதான்.

உன்னிச்சைக்குக் கிட்ட
மைனஸ் நூற்றுப் பதினொன்று.
பிறகு அதுவுமில்லை.
மலைக்கு வெயிலில் மட்டுமா நிழல்?

குளக்கட்டில் ஒரு பெண்
ஒற்றைக் காலைக் கல்லில் ஊன்றிப்
பேசிக்கொண்டிருந்தாள்.
போனைக் கையால் பொத்திக்கொண்டு
"அதில நிண்டா வராது கா.
இஞ்சால ரெண்டடி.
வான்கதவப் பார்த்துத் திரும்புங்க.
நாலு மணிக்குப் பிறகு கத்தாரே கிளியரா வரும்"
என்றுவிட்டு
ஓட்டோ லீசிங் காசுச் சண்டைக்குத் திரும்பினாள்.

ரெண்டடி நகர்ந்தேன்.
தொண்ணூற்று நாலு.
மலை விளிம்பில் மடிந்து
அவள் கல்லுக்கு மட்டும் இறங்குகிறது அலை.
எங்கள் கட்டம் ஐம்பது மீட்டர்.
கல் ஒரு முழம்.

இரவு, விடுதி மேசையில்
மென்பொருள் கேட்டது:
பதினேழு டெசிபெல் விலகல். நீக்கவா?
நீக்கினால் பிழை எட்டுக்குக் கீழே போகும்,
ஒப்பந்தம் கேட்கிற எட்டு.
கட்டும் வெள்ளையாகிவிடும்.
வெள்ளை விழுந்த இடத்துக்குத்தான்
அடுத்த கோபுரம், சில வேளை.
எந்தக் காரணத்துக்காக அழுத்தினேன் என்று
புவிதரன் கேட்கவில்லை.

சேவை இல்லை என்கிறது அறிக்கை, பக்கம் முப்பத்தொன்று.
மணி நாலேகால்.
இந்த மாதத் தவணை யார் கட்டுவது என்று
அங்கே இன்னும் முடிவாகியிராது.